கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால்: ஹோம் தியேட்டர் அமைக்க ஒரு வழிகாட்டி

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்று சொல்லிவிட்டு என் கணவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். ஆனால் எங்கள் கூடம் நிஜமாகவே கோணல். வேலூர் சத்துவாச்சாரியில் தெரு வளையும் இடத்தில் மனை அமைந்ததால், ஒரு பக்கச் சுவர் தெருவோடு சேர்ந்து சாய்ந்துகொண்டே போகிறது. போதாததற்கு, கூடத்தின் பின்பாதி ஒரு பக்கம் சாப்பாட்டு இடமாகத் திறந்துகொள்கிறது. மேலிருந்து பார்த்தால் ‘ட’ என்ற எழுத்தை யாரோ ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்து எழுதியதுபோல இருக்கும்.

என் அப்பாவுக்கு வலக்காது மந்தம். அவருக்கு டிவியில் வசனம் புரிய வேண்டும் என்றுதான் இதில் இறங்கினேன். ஏழு ஸ்பீக்கர்களும், டமடமவென்ற கனத்த ஒலிக்கென்று ஒரு சப்வூஃபர் பெட்டியும் வாங்கிவந்து மாட்டிய அன்று அவர் கேட்டது: “என்னம்மா, முன்பாவது பாதி புரிந்தது?” அதன் பிறகு எட்டு மாதம் போனது, வீண்செலவாக 15,500 ரூபாயும் போனது. எந்த வரிசையில் செய்திருக்க வேண்டுமோ அந்த வரிசையில் இங்கே எழுதுகிறேன். நான் செய்தது ஏறக்குறைய இதன் தலைகீழ் வரிசை.

1. கடைக்குப் போகுமுன் அளவு நாடாவை எடுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். கட்டம் போட்ட நோட்டுத் தாளில் ஒரு கட்டம் ஒரு அடி என்று வைத்து அறையை வரையுங்கள். வீட்டு வரைபடத்தை நம்ப வேண்டாம்; பூச்சுக்கும் டைல்ஸுக்கும் பிறகு அளவு மாறியிருக்கும். நான்கு சுவர்களை அளந்தால் மட்டும் கோணல் தெரியாது. மூலைக்கு மூலை குறுக்காகவும் அளக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இல்லையென்றால் ஏதோ ஒரு சுவர் சாய்ந்திருக்கிறது.

எங்கள் கூடம் 21 அடி நீளம். தெருப்பக்கச் சுவரில் அகலம் 10 அடி, உள்கோடியில் 11½ அடி. கூரை 10 அடி உயரம். கதவு எந்தப் பக்கம் திறக்கும், சுவிட்ச் பலகை எங்கே, மின்விசிறி எங்கே தொங்குகிறது, பூஜை அலமாரி எங்கே என்பதையும் குறியுங்கள். புரொஜெக்டர் வாங்கும் எண்ணம் இருந்தால் மின்விசிறியைக் கட்டாயம் குறிக்க வேண்டும். பின்சுவரிலிருந்து வரும் ஒளியின் குறுக்கே இறக்கை சுழன்றால் படம் முழுக்க மின்னிக்கொண்டே இருக்கும். வேலூரில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் படம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் அவர் மே மாதத்தில் இங்கே இருந்ததில்லை.

2. முதலில் நாற்காலி

எல்லாரும் டிவியிலிருந்து தொடங்குகிறோம். உட்காரும் இடத்திலிருந்து தொடங்குங்கள், மற்றவை தாமாக அமையும்.

டிவியின் அங்குல அளவை 1.2-ஆல் பெருக்கினால் மிக அருகில் உட்காரக்கூடிய தூரமும், 1.6-ஆல் பெருக்கினால் வசதியான தூரமும் கிடைக்கும். 55 அங்குல டிவிக்கு அது ஐந்தரை அடியிலிருந்து ஏழேகால் அடி வரை. 65 அங்குலத்துக்கு ஆறரை அடியிலிருந்து எட்டேமுக்கால் அடி வரை. எங்களிடம் ஏற்கெனவே இருந்தது 55 அங்குலம். ஆகவே சோபா திரையிலிருந்து 7 அடியில்.

நம் வீடுகளில் சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போடுவதுதான் வழக்கம். ஆனால் சுவரருகில் கனத்த ஒலி குவியும். தலை சுவரை ஒட்டி இருந்தால் டமடமவென்ற இரைச்சலில் வசனம் அமுங்கிவிடும். பின்சுவரிலிருந்து குறைந்தது மூன்று அடியாவது முன்னே வாருங்கள். எங்கள் வீட்டில் அது கூடத்தின் நடுவிலேயே வந்து நின்றது. “இது என்ன, கல்யாண மண்டபமா?” என்றார் மாமியார். சோபாவுக்குப் பின்னால் நடைபாதை இருக்கிறது, பிள்ளைகள் இனித் திரையை மறைத்து ஓட மாட்டார்கள் என்று காட்டிய பிறகுதான் சமாதானமானார்.

3. திரை எந்தச் சுவரில்?

‘ட’ வடிவக் கூடத்தில் எல்லாம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. திரைக்கு இரண்டு பக்கமும் உள்ள சுவர்கள் முன் ஸ்பீக்கர்களுக்கு ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். சாப்பாட்டு இடத்தின் திறப்பு, மாடிப்படி, நடை எல்லாம் உங்கள் முதுகுக்குப் பின்னால் போகட்டும்.

நான் முதலில் மாட்டியது உள்கோடிச் சுவரில். பெரிதாக, வெறுமையாக இருந்தது என்ற ஒரே காரணம். அங்கே ஒரு பக்கம் மாடிப்படி, மறுபக்கம் சாப்பாட்டு இடம். வலப்பக்க ஸ்பீக்கரின் ஒலி சாப்பாட்டு மேசைக்குப் போய்விட்டது; இடப்பக்கம் மட்டும் சுவரில் பட்டு ஓங்கிக் கேட்டது. நடுவிலிருந்து வர வேண்டிய வசனம் ஒரு பக்கமாக இழுத்தது. எந்தப் பொத்தானைத் திருகினாலும் இது தீராது. ஒலியை விழுங்கும் இடத்தை ரிமோட் மூட முடியாது.

டிவியைத் தெருப்பக்கத்துக் குறுகிய சுவருக்கு மாற்றினோம். இப்போது இருபுறமும் முழுச் சுவர். வாசற்கதவு மட்டும் வலப்பக்கத்தில் இருக்கிறது. மூடியிருக்கும்வரை அதுவும் சுவர்தான். குறை ஒன்று உண்டு: வீட்டுக்குள் நுழைகிறவர் நேராகத் திரைக்கும் சோபாவுக்கும் நடுவில் வந்து நிற்பார். பொறுத்துக்கொண்டோம்.

திரையின் நடுப்பகுதி கண்மட்டத்தில் இருக்கட்டும். தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றரை அடி. ஷோகேஸுக்கு மேலே ஆறடி உயரத்தில் மாட்டுவது கழுத்துக்கும் கெடுதல், நடு ஸ்பீக்கருக்கும் இடமிருக்காது.

4. எத்தனை ஸ்பீக்கர்?

கோணல் அறைக்குக் குறைவாக வாங்குவதே நல்லது. 5.1 என்றால் முன்னால் மூன்று, பக்கவாட்டில் இரண்டு, ஒரு சப்வூஃபர். 7.1 என்றால் தலைக்குப் பின்னால் இன்னும் இரண்டு. அந்த இரண்டுக்கு என் வீட்டில் இருந்த இடம்: ஒன்று மாடிப்படிக்கட்டு, மற்றொன்று சாப்பாட்டு மேசை. 14,000 ரூபாய்க்கு வாங்கியதை 6,000 ரூபாய்க்கு விற்றேன்.

பக்கச் சுவர் ஒரு பக்கம்கூட இல்லையா? முன்னால் மூன்றும் சப்வூஃபரும் போதும். வசனம் முழுவதும் ஏறக்குறைய நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. பணத்தை அதில் போடுங்கள்.

தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் அட்மாஸுக்காக மேல்நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கர்கள் விற்கிறார்கள். அவை கூரையில் பட்டுத் திரும்பும் ஒலியை நம்பியவை. கூரை சமதளமாகவும் கெட்டியாகவும், ஏழரையிலிருந்து பன்னிரண்டு அடி உயரத்துக்குள்ளும் இருக்க வேண்டும். கான்கிரீட் கூரைக்குச் சரி. வேலூரின் கொசப்பேட்டை, சைதாப்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் உத்தரம் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரையோ, ஓட்டுக் கூரையோ இருந்தால் அந்தப் பணம் வீண்.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் வாட்ஸ் கணக்கில் ‘பிஎம்பிஓ’ என்று இருந்தால் அதைப் படிக்கவே வேண்டாம். அது விளம்பர எண். தொடர்ந்து தரக்கூடிய அளவான ‘ஆர்எம்எஸ்’ எவ்வளவு என்று கேளுங்கள். கடைக்காரர் தடுமாறினால் வெளியே வந்துவிடுங்கள். ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓமா, 8 ஓமா என்பதையும் ரிசீவரின் பின்புறம் எழுதியிருக்கும் அளவோடு ஒப்பிட வேண்டும். எல்லா ஸ்பீக்கர்களையும் இயக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத்தான் ரிசீவர் என்கிறார்கள். அது 6 ஓமுக்குக் குறையக் கூடாது என்று சொல்லும்போது 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் சூடேறித் தானாக அணையும்.

உள்ளூரில் பலகை பலகையாக வாங்கி ஆம்ப்ளிஃபயர் கட்டித் தருகிறவர்களும் உண்டு. விலை பாதி. பாட்டுக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் கடத்தும் ஹெச்டிஎம்ஐ இணைப்பு இருக்கிறதா, டிவியிலிருந்து வரும் டால்பி ஒலியை ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்குமா, தூர வித்தியாசத்தைச் சரிசெய்யும் வசதி உண்டா என்று கேட்டுவிடுங்கள். கோணல் அறைக்கு அந்தக் கடைசி வசதி இல்லாமல் ஆகாது.

5. வாங்கும்போது கையில் வர வேண்டிய காகிதங்கள்

இதில்தான் நான் அதிகம் அழுதேன்; ஆகவே நீளமாகவே சொல்கிறேன்.

வேலூரிலேயே வாங்கலாம், சென்னைக்கும் போகலாம். சென்னை விலை கொஞ்சம் குறையும். ஆனால் 140 கிலோமீட்டர் தூரம், கனத்த பெட்டியைத் திரும்ப எடுத்துப் போகும் அலைச்சல் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். எங்கே வாங்கினாலும் முதல் கேள்வி விலையாக இருக்கக் கூடாது. “பழுதானால் ஆள் வீட்டுக்கு வருவாரா, பெட்டியை நான் கொண்டுபோக வேண்டுமா? சர்வீஸ் சென்டர் எந்த ஊரில்?” பதிலை பில்லின் பின்புறம் எழுதி வாங்குங்கள்.

ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பொருளின் மாடல் எண்ணும் வரிசை எண்ணும் தனித்தனியாக இருக்க வேண்டும். எனக்கு ‘ஹோம் தியேட்டர் செட் - 1’ என்று ஒரே வரியில் பில் போட்டார்கள். மூன்றாவது மாதம் சப்வூஃபர் ஊமையானது. கொண்டுபோனால், இந்த வரிசை எண் எங்கள் பில்லில் இல்லையே என்றார்கள். அவர்கள் போட்ட பில் அது! தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்து, ஆறு வாரம் கழித்து மாற்றிக் கொடுத்தார்கள்.

அதுவும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொருளை வேறு ஊரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

வெளிநாட்டுத் தயாரிப்பு என்றால் அட்டைப்பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், எம்ஆர்பியும் ஒட்டியிருக்க வேண்டும். அந்த ஒட்டுச்சீட்டு இல்லாத பெட்டி மலிவாகக் கிடைக்கிறதென்றால் அது பின்வாசல் வழியாக வந்தது. இந்தியாவில் அதற்கு வாரண்டி கிடைக்காது. வாரண்டி அட்டையில் தேதியும் முத்திரையும் கடையிலேயே போட்டு வாங்குங்கள். நிறுவனத்தின் தளத்தில் பதிவு செய்ய வேண்டுமா, எத்தனை நாளுக்குள் என்பதையும் படியுங்கள்.

32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கும் புரொஜெக்டருக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். பழைய விலைப்பட்டியலைக் காட்டித் ‘தள்ளுபடி’ தருகிறார்களா என்று பில்லில் வரி விகிதத்தைப் பாருங்கள்.

அட்டைப்பெட்டியையும் தெர்மகோலையும் வாரண்டி முடியும்வரை பரணில் போட்டுவையுங்கள். மாமியார் கோபிப்பார், பரவாயில்லை.

வாடகை வீடா? சுவரில் துளை போடுவதற்கும் டிவி மாட்டுவதற்கும் வீட்டுக்காரரிடம் இரண்டு வரியில் எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் வாங்குங்கள். காலி செய்யும் நாளில் அட்வான்ஸில் பிடிக்கும்போது அந்த இரண்டு வரி உதவும்.

6. முதல் பத்து நாள் ஒயர் தரையிலேயே கிடக்கட்டும்

எலக்ட்ரீஷியனை உடனே கூப்பிடாதீர்கள். “எங்கே துளை போடட்டும், அக்கா?” என்று அவர் கேட்கும்போது உங்களுக்கே தெரிந்திருக்காது. எனக்கும் தெரியவில்லை. குத்துமதிப்பாகக் கை காட்டினேன்; அந்தத் துளைகள் இன்றும் காலண்டருக்குப் பின்னால் இருக்கின்றன.

ஸ்பீக்கர்களை ஸ்டூல், மனைப்பலகை, புத்தகக் கட்டு எதன் மேலாவது நிறுத்தி, தரையில் சாக்பீஸால் குறியிட்டு, ஒயரைத் தரையோடு ஓடவிட்டுப் பத்து நாள் கேளுங்கள். செய்தி, பழைய படம், கிரிக்கெட் எல்லாம் ஓடட்டும். இடம் நிலைத்த பிறகு சுவரைத் தொடலாம்.

ஸ்பீக்கர் ஒயர் நல்ல செம்பாக இருக்கட்டும்; அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதும் அதே நிறத்தில்தான் இருக்கும். முனையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரிந்தால் வேண்டாம். வீட்டு அளவுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் போதும். பதினைந்து மீட்டருக்கு மேல் ஓடினால் 2.5. மீட்டர் ஆயிரம் ரூபாய் ஒயர் எல்லாம் நகைக்கடைச் சரக்கு.

சுவரைக் கொத்திப் பைப் பதிப்பதானால் ஒரு பொறி இருக்கிறது. முக்கால் அங்குலப் பைப்பில் ஸ்பீக்கர் ஒயர் போகும், ஹெச்டிஎம்ஐ கேபிளின் தலை போகாது. வளைவில் நிச்சயம் சிக்கும். ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையாமல் போடச் சொல்லுங்கள். உள்ளே ஒரு இழுகயிறும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். ஐந்து மீட்டருக்கு மேல் ஹெச்டிஎம்ஐ கேபிள் ஓடினால் 4கே படம் விட்டுவிட்டு வரக்கூடும். ரிசீவரை டிவிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை. ஒலிக் கம்பியையும் மின்சாரக் கம்பியையும் ஒரே பைப்பில் போட விடாதீர்கள்.

ஒயரின் சிவப்பு ரிசீவரில் எதில் போகிறதோ, ஸ்பீக்கரிலும் அதே நிறத்தில் போக வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் மாறிவிட்டால் ஒலி வரும்; ஆனால் உடம்பில்லாத குரல்போல வெளுத்திருக்கும்.

7. ஸ்பீக்கர்களை நிறுத்தும் இடம்

நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து திரையின் நடுவை நேராகப் பாருங்கள். முன் ஸ்பீக்கர்கள் அந்தக் கோட்டிலிருந்து இருபுறமும் 22 முதல் 30 பாகை. கணக்கு வேண்டாமென்றால், உங்களுக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரமும் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இடையிலான தூரமும் ஒன்றாக இருந்தால் அது 30 பாகை. பக்கவாட்டு ஸ்பீக்கர்கள் 110 முதல் 120 பாகை. அதாவது காதுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் பின்னால், காது மட்டத்துக்குச் சற்றே மேலே. கூரை மூலையில் சாமி படம்போல மாட்டுவது ஊரெங்கும் நடக்கும் தவறு.

கோணல் சுவரால் இடப்பக்க ஸ்பீக்கர் எனக்கு அரை அடி அதிகத் தூரத்தில் இருக்கிறது. ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லி விநாடி ஆகும். ரிசீவரில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் சரியாகக் கொடுத்தால் அது அருகிலுள்ளதைச் சற்றுத் தாமதித்து எல்லா ஒலியும் ஒன்றாக வந்து சேரும்படி செய்துவிடும். ஆகவே இடம் அரை அடி முன்பின் ஆனால் கவலை வேண்டாம். சுவரே இல்லாத குறையைத்தான் அந்தப் பெட்டியால் நிரப்ப முடியாது.

நடு ஸ்பீக்கர் டிவிக்குக் கீழே. தச்சர் செய்து கொடுத்த டிவி அலமாரியில் அதற்கு ஆழமான ஒரு பொந்து இருந்தது. உள்ளே தள்ளி வைத்தேன். பானைக்குள் பேசுவதுபோல வசனம் வந்தது. அலமாரியைத் திருத்த 7,500 ரூபாய். ஸ்பீக்கரின் முகம் பலகையின் விளிம்போடு வந்து நிற்க வேண்டும், கொஞ்சம் வெளியே நீட்டினாலும் தவறில்லை. அது உங்கள் முழங்காலைப் பார்த்துப் பேசாதிருக்க, முன்பக்கம் அடியில் ஒரு ரப்பர் துண்டு கொடுத்து முகத்தைக் காது நோக்கி நிமிர்த்துங்கள்.

8. சப்வூஃபருக்காகத் தவழ வேண்டும்

எங்கள் கூடத்தின் முன்பகுதியில் அகலமும் 10 அடி, உயரமும் 10 அடி. இப்படி இரண்டு அளவு ஒத்துப்போனால் ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸ் அளவிலான கனத்த ஒலி இரண்டு பக்கமும் எகிறிச் சில இடத்தில் குமுறும், சில இடத்தில் காணாமல் போகும். இடத்தைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி: சப்வூஃபரைச் சோபாவில் நீங்கள் உட்காரும் இடத்தில் தூக்கி வையுங்கள். கனத்த இசை கொண்ட பாட்டு ஒன்றை ஓடவிடுங்கள். பிறகு சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எங்கே ஒவ்வொரு தட்டும் தனித்தனியாக, அளவாகக் கேட்கிறதோ அங்கே அதை வையுங்கள். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்வது மரியாதைக்கு நல்லது.

எங்களுக்கு அது திரைக்கு வலப்பக்கம், மூலையிலிருந்து இரண்டரை அடியில் அமைந்தது. சாப்பாட்டு இடத்துப் பக்கம் வைத்துப் பார்த்தபோது சமையலறை எவர்சில்வர் பாத்திரங்கள் எல்லாம் சேர்ந்து பாடின. ஒலி நிறுத்திய பிறகும் எதாவது அதிர்கிறதென்றால் ஷோகேஸ் கண்ணாடி, பூஜை மணி, ஜன்னல் கொக்கி என்று ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பாருங்கள். எந்த அளவுக்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்று ரிசீவரில் பிரிப்பதுதான் கிராஸ்ஓவர்; அதை 80 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்கலாம்.

குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை 45 டெசிபல்தான் விதி. கனத்த ஒலி சுவரைக் கடந்து போகும். அடுத்த வீட்டாரை ஒருநாள் அழைத்துக் காபி கொடுத்துவிட்டு, எவ்வளவு கேட்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

9. எதிரொலி

நடு அறையில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். ‘ட்ர்ர்ர்’ என்று வால் நீண்டால் டைல்ஸ் தரையும் வெறுஞ்சுவரும் ஒலியைப் பந்தாடுகின்றன. இங்கே ஒரு நல்ல செய்தி: சாய்ந்த சுவர் எதிர்ச்சுவருக்கு இணையாக இல்லாததால் இந்த வால் அந்தப் பக்கம் குறைவாகவே இருக்கும். கோணல் கூடத்துக்கு வாய்த்த ஒரே அதிர்ஷ்டம்.

முதலில் செலவில்லாதவை. திரைக்கும் சோபாவுக்கும் நடுவில் கனத்த ஜமக்காளம். ஜன்னலுக்கு மடிப்பு மடிப்பாக விழும் கனத்த திரைச்சீலை. பின்னால் புத்தக அலமாரி. இதிலேயே பாதி தீரும்.

மீதிக்கு, நீங்கள் உங்கள் இடத்தில் உட்காருங்கள். ஒருவர் பக்கச் சுவரோடு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்திக்கொண்டு போகட்டும். கண்ணாடியில் முன் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில்தான் ஒலி சுவரில் பட்டு உங்களிடம் வருகிறது. அங்கே ஒலியை உறிஞ்சும் ஒரு பலகம். கோணல் அறையில் இருபுறமும் தனித்தனியாகப் பாருங்கள்; எங்களுக்கு மூன்று அங்குலம் வித்தியாசம் வந்தது.

பலகத்தை வீட்டிலேயே செய்யலாம். 4 அடிக்கு 2 அடி, இரண்டு அங்குலக் கனம், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் (பாறையை உருக்கி எடுத்த இழை) பலகை. சுற்றி மரச்சட்டம். மேலே துணி. நான் போர்த்தியது குடியாத்தம் கைலித் துணி; கட்டம் போட்ட நீலத்தைப் பார்த்தவர்கள் விலை கேட்கிறார்கள். துணியை வாயருகே வைத்து ஊதினால் மூச்சு மறுபக்கம் போக வேண்டும், அவ்வளவுதான் தேர்வு. ராக்வூலைத் தொடும்போது கையுறையும் முகக்கவசமும் இல்லாவிட்டால் இரண்டு நாள் அரிப்பு. சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி மாட்டினால் பலன் கூடும்.

முட்டை அட்டை, தெர்மகோல், அரை அங்குல ஸ்பாஞ்ச் மூன்றையும் யார் சொன்னாலும் ஒட்டாதீர்கள். முட்டை அட்டையும் தெர்மகோலும் ஒலிக்குப் பெரிதாக எதுவும் செய்யாது. தீப்பிடித்தால் மட்டும் நன்றாக எரியும்.

10. மின்சாரமும் வெயிலும்

இது மரமில்லா மலைகள் சூழ்ந்த ஊர். பகலில் குடித்த வெயிலைப் பாறைகள் இரவில் கக்கும். ரிசீவருக்கு மேலே அரை அடியாவது காலி இடம் வேண்டும். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் பூட்டி வைத்தால் அக்னி நட்சத்திரத்தில் அது அணைந்து அணைந்து எரியும். அதன் மேல் செட்டாப் பெட்டியை அடுக்கவும் வேண்டாம்.

எதுவும் ஓடாதபோதும் ‘ம்ம்ம்’ என்று ரீங்காரம் வந்தால் கேபிள் அல்லது டிஷ் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அந்த வழியாக வருகிறது. நிற்காவிட்டால் எர்த் குழியைப் பாருங்கள். கோடையில் இங்கே மண் காய்ந்து எர்த் பலவீனமாகும். வாரம் ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினோம், எங்கள் வீட்டு ரீங்காரம் அடங்கியது. இன்வெர்ட்டர், மின்வாரிய மின்சாரம்போலச் சீரான அலை தரும் சைன்வேவ் வகையாக இல்லாவிட்டால் மின்தடை நேரத்தில் ரிசீவரை அதில் ஓட்டாதீர்கள்.

11. மைக்கை வைத்து அளப்பது

ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒலியையும் அளந்து ரிசீவர் தானே சரிசெய்துகொள்ள அதோடு ஒரு சிறு மைக் வரும். அதைச் சோபாவின் மேல் கையில் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. கேமரா ஸ்டாண்டில் காது உயரத்தில் நிறுத்துங்கள். மின்விசிறி, ஏசி, குளிர்பதனப் பெட்டி எல்லாவற்றையும் அணையுங்கள். வேலூரில் அதற்கு ஏற்ற நேரம் காலை ஐந்து மணி. பால்காரர் வருவதற்குள் முடித்துவிடலாம். ‘ட’ வடிவ அறையில் மைக்கைச் சாப்பாட்டு இடத்துப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நீங்கள் உட்காரும் இடத்தைச் சுற்றி இரண்டடிக்குள்ளேயே எல்லா அளவுகளையும் எடுங்கள்.

அது முடிந்ததும் நடு ஸ்பீக்கரை மட்டும் கையால் 2 டெசிபல் கூட்டினேன். அப்பாவின் சாய்வு நாற்காலியைச் சோபாவுக்கு வலப்பக்கம் போட்டோம்; அங்கிருந்து திரையைப் பார்க்கும்போது அவருடைய நல்ல இடக்காது நடு ஸ்பீக்கர் பக்கம் வருகிறது.

12. செலவும் காலமும்

நான் வாங்கியபோது ஆனது: ரிசீவர் 42,000, ஐந்து ஸ்பீக்கர் 48,000, சப்வூஃபர் 21,000. இதோடு முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய பொறி. ஒயர் 2,400, ஸ்டாண்டு 4,500, ஆறு பலகம் 5,400, எலக்ட்ரீஷியனும் கொத்தனாரும் 3,800, பூச்சும் வண்ணமும் 2,500, திரைச்சீலை 6,200, ஸ்டெபிலைசர் 2,500. மொத்தம் 1,38,300. பெட்டிகளுக்கு ஆகும் தொகையில் கால்வாசியை அறைக்கென்று ஒதுக்கிவிட்டுக் கடைக்குப் போங்கள்.

காலம்: அளக்க ஒரு ஞாயிறு, தரையில் வைத்துக் கேட்கப் பத்து நாள், சுவர் வேலை ஒரு நாள், பூச்சு காய நான்கு நாள், பலகம் செய்ய இரண்டு வார இறுதி. ஒன்றரை மாதம் வைத்துக்கொள்ளுங்கள். ஆடித் தள்ளுபடியில் வாங்கலாம், தீபாவளிக்கும் வாங்கலாம். ஆனால் சுவரைக் கொத்துவதைப் பொங்கல் வெள்ளையடிப்புக்கு முன்னால் வைத்துக்கொண்டால் வண்ணச் செலவு மிச்சம். மே மாதத்தில் எதுவும் செய்யாதீர்கள். கொத்தனாரும் வர மாட்டார், நீங்களும் தவழ மாட்டீர்கள்.

எல்லாம் முடிந்த பிறகு, பைப்பின் இரண்டு வாயையும் இறுக அடையுங்கள். எங்கள் வீட்டில் எலி கடித்தது இடப்பக்க ஒயரை. கோணல் சுவர்தான் காரணமோ என்று இரண்டு நாள் தேடிக்கொண்டிருந்தேன்.